கழுத்து நாடாவில் ஒரு பண்டமாற்று

ஃபுளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ நகரத்துக்கு அருகே, ஏறக்குறைய 100 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டு என்னும் கேளிக்கை உலகத்தில், மாஜிக் கிங்டம் பூங்காவின் வாயிலைக் கடந்து, 2019-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒருநாள் காலை நாங்கள் பிரதான வீதியில் அடியெடுத்து வைத்தபோது, எதிரே 189 அடி உயரத்துக்கு எழுந்து நின்ற சிண்ட்ரெல்லா கோட்டையையோ, வாத்திய கோஷத்தையோ, சோளப்பொரியின் வாசனையையோ சிறிதும் லட்சியம் செய்யாமல், என் ஒன்பது வயதுப் பேத்தி, வீதியோரம் துடைப்பமும் முறமும் ஏந்தி நின்ற ஒரு சிப்பந்தியின் மார்பையே இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அறுபது வயது மதிக்கத்தக்க அந்த மனிதரின் கழுத்தில் ஓர் அகன்ற நாடா தொங்கியது. அந்த நாடாவின் இரு பக்கத்திலும், ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரியவையாக, வண்ணவண்ணமான உலோகச் சித்திரங்கள் பத்துப் பன்னிரண்டு குத்தப்பட்டிருந்தன. குழந்தையின் பார்வை போன இடத்தை உணர்ந்ததும் அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, முழங்காலைத் தரையில் ஊன்றி, நாடா அவள் கண்ணுக்கு நேராக வரும்படி உட்கார்ந்துகொண்டார். பேத்தி தன் கழுத்து நாடாவிலிருந்து, 'பின்' என்று வழங்கும் அத்தகைய சித்திரங்களில் டொனால்ட் வாத்தின் முகம் பொறித்த ஒன்றை, கம்மலின் திருகாணியைக் கழற்றுவதுபோல் பின்னாலிருந்த ரப்பர் மூடியைக் கழற்றி எடுத்து, ஊசி கையில் குத்தாதபடி மூடியை மறுபடியும் பொருத்தி, அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் தம் நாடாவிலிருந்து அவள் சுட்டிய யானைக்குட்டியைக் கழற்றி, அதே மரியாதையோடு அவள் கையில் கொடுத்தார். எழுந்திருக்கும்போது முழங்கால் அவருக்கு வலித்திருக்க வேண்டும். முகத்தில் அதன் சுவடு இல்லை.

ஆளுக்கு 100 டாலருக்குக் குறையாத நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே புகுந்து, அதன் பிறகும் உணவுக்கு, பொம்மைக்கு, புகைப்படத்துக்கு என்று அடிக்கு ஒரு முறை பணப்பையைத் திறக்க வேண்டியிருக்கிற இந்த இடத்தில், பணம் செல்லுபடியாகாத ஒரே வியாபாரம் இதுதான் என்பதை அறிந்தபோது, கோட்டையைக் கண்டபோது உண்டாகாத ஆச்சரியம் எனக்கு உண்டாயிற்று.

இந்தப் பழக்கத்தின் பூர்வோத்தரம் டிஸ்னியோடு தொடங்கியதன்று. 1896-இல் ஏதென்ஸ் நகரத்தில் நவீன ஒலிம்பிக் பந்தயங்கள் ஆரம்பமானபோது, வீரர் யார், நடுவர் யார், நிர்வாகி யார் என்று அடையாளம் தெரிவதற்காக அட்டையில் செய்த வட்டங்களை ஆடையில் குத்திக்கொண்டார்கள், பிறகு அட்டை உலோகமாயிற்று, அடையாளம் ஞாபகார்த்தமாயிற்று, நாட்டுக்கு நாடு மாற்றிக்கொள்வது நட்பின் சின்னமாயிற்று. 1988-இல் கனடாவின் கால்கரி நகரத்தில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கின்போது, பின்களை மாற்றிக்கொள்வதற்கென்றே கோகோ கோலா நிறுவனம் ஒரு நிலையம் நடத்துகிற அளவுக்கு அது பெருகிவிட்டது. டிஸ்னி பூங்காக்களிலும் பின்கள் வெகுகாலமாக விற்பனையில் இருந்தவைதாம். ஆயினும், 1999 அக்டோபரில், புதிய ஆயிரமாண்டை வரவேற்கும் கொண்டாட்டங்களை ஃபுளோரிடாவில் தொடங்கியபோதுதான், சிப்பந்திகளின் கழுத்தில் நாடாவை மாட்டி, வருகிறவர்களோடு மாற்றிக்கொள்ளச் செய்யும் இந்த ஏற்பாட்டையும் தொடங்கினார்கள். அந்தக் கொண்டாட்டம் முடிந்த பிறகும் இது முடியவில்லை. கலிபோர்னியா, பாரிஸ், ஹாங்காங் என்று அவர்களுடைய மற்றப் பூங்காக்களுக்கும் பரவியது.

இதற்குள்ள நியதிகளைப் பேத்தி எனக்குப் பாடம்போல் ஒப்புவித்தாள். பின் உலோகத்தால் ஆனதாக இருக்க வேண்டும். பின்புறத்தில் டிஸ்னியின் உரிமைக் குறி பொறித்திருக்க வேண்டும். ஒரு சிப்பந்தியிடம் ஒருவர் ஒரு நாளைக்கு இரண்டு பின்களுக்கு மேல் மாற்றிக்கொள்ளலாகாது. அதுவும் ஒன்றுக்கு ஒன்று, கைக்குக் கை. அவருடைய நாடாவில் ஏற்கெனவே இருப்பதையே மறுபடியும் கொடுக்கக் கூடாது. நாடாவை நாமாகத் தொடக் கூடாது. கேட்டுத்தான் பார்க்க வேண்டும். பின்னுக்குப் பதிலாகப் பணமோ பரிசோ கொடுப்பதற்கு இடமே இல்லை. பச்சை நாடா அணிந்தவர்கள் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களோடு மட்டுமே மாற்றிக்கொள்வார்கள் என்று சொல்லும்போது, தாத்தாவுக்கு அந்தப் பாக்கியம் இல்லையே என்று அவளுக்கு உண்மையாகவே வருத்தம். எல்லாவற்றுக்கும் மேலாக, இலக்கணப்படி அமைந்த பின்னைக் கொடுத்து ஒரு குழந்தை கேட்டுவிட்டால், நாடா அணிந்தவர் மறுக்கலாகாது.

இந்தக் கடைசி நியதியில்தான் என் மனம் நெடுநேரம் நின்றது. சிறு வயதில் சாத்தூர்ப் பக்கத்தில் நாங்கள் தீப்பெட்டிப் படங்களைச் சேர்த்தோம். மயில் படம் ஒன்றுக்கு மான் படம் மூன்று, அதிலும் மூலை மடங்காததாக இருந்தால்தான் என்று, விடாக்கண்டனும் கொடாக்கண்டனுமாகப் பள்ளிக்கூடத்துத் திண்ணையில் நாங்கள் நடத்திய பேரங்களில், வேண்டாததுபோல் பாவனை செய்யத் தெரிந்தவனுக்கே வெற்றி. என்னிடம் அந்தச் சாமர்த்தியம் இருந்தது. அதனால் நல்ல படங்களெல்லாம் என்னிடம் சேர்ந்தன. அதனால் எனக்கு இரண்டு சிநேகிதர்கள் குறைந்தார்கள். இந்தப் பூங்காவின் பண்டமாற்றிலோ எதிரே கொடாக்கண்டன் என்று ஒருவன் கிடையாது. வெல்வதற்கும் ஏமாற்றுவதற்கும் ஆள் இல்லாத அந்த இடத்தில், குழந்தை தன் மனத்தோடு மட்டுமே வாதாட வேண்டியிருக்கிறது: அந்த யானைக்குட்டி வேண்டும், அதற்காக நான் எதை விடுவேன்? பேத்தி தன் நாடாவைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பின்னாகத் தொட்டு, விட்டு, மறுபடியும் தொட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்ததையும், அந்த யோசனை முடியும் வரையில் அவசரப்படுத்தாமல் அந்தச் சிப்பந்திகள் காத்து நின்றதையும் பார்த்தவர்கள், இதை விளையாட்டு என்று எளிதில் தள்ளிவிட மாட்டார்கள்.

மற்றொரு நன்மையையும் நான் கண்டேன். இந்தப் பூங்காவில் வேலை செய்கிறவர்கள் அனைவரையும், தெருப் பெருக்குகிறவர் முதற்கொண்டு, நாடகக் குழுவின் அங்கத்தினர் என்றே அழைக்கிறார்கள், சீருடைக்கு வேஷ உடை என்று பெயர், வருகிறவர்கள் விருந்தினர். ஒவ்வொருவர் மார்பிலும் உள்ள பெயர்ப் பட்டையில் பெயருக்குக் கீழே அவரவருடைய சொந்த ஊரின் பெயரும் எழுதியிருக்கிறது. முன்பின் அறியாதவரைக் கண்டால் தாயின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்ளும் சுபாவமுடைய எங்கள் குழந்தை, பின்னுக்காக நெருங்கிப்போய், பெயரையும் ஊரையும் வாய்விட்டு வாசித்து, அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று கேட்கலானாள். அதே கேளிக்கை உலகத்தைச் சேர்ந்த எப்காட் பூங்காவில், ஒரு நீர்நிலையைச் சுற்றி ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் தூரத்துக்குப் பதினொரு நாடுகளின் மண்டபங்களை அமைத்து, அந்தந்த நாட்டு இளைஞர்களைக் கொண்டே பலவற்றை நடத்துகிறார்கள். நார்வே மண்டபத்தில் ஒரு பெண், தன் ஊரில் குளிர்காலத்தில் பகலிலும் விளக்கேற்ற வேண்டும் என்று அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். பின்னை மாற்றிக்கொள்ள இருவருமே மறந்துவிட்டார்கள்.

இனி அந்தப் பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏனெனில் அதைக் கையில் வைத்துப் பாராதவர்களுக்கு இதன் மேல் இத்தனை மோகம் ஏன் என்பது விளங்காது. ஒரு நல்ல பின்னை வெயிலில் சாய்த்துப் பார்த்தால், வயலில் வரப்புக் கட்டியதுபோல் மெல்லிய உலோகக் கோடுகள் எழுந்து நிற்பதும், அந்தப் பாத்திகளில் தண்ணீர் பாய்ச்சியதுபோல் ஒவ்வொரு வண்ணமும் தன் எல்லையை மீறாமல் நிறைந்து நிற்பதும் தெரியும். பைஸாந்தியச் சிற்பிகள் பொன் தகட்டில் செய்ததும், சீனாவில் மிங் வமிசத்து ஜிங்தாய் அரசர் காலத்தில் சிறந்து அவர் பெயராலேயே வழங்குவதுமான பழைய மீனாவேலையின் வமிசாவளியில் வந்த கலை இது. அவர்கள் கம்பியை வளைத்து ஒட்டிக் கண்ணாடிப் பொடியை இட்டுச் சூளையில் உருக்கினார்கள். இக்காலத்தில் பெரும்பாலும் அச்சில் அடித்தே வரப்பை எழுப்பி, பிசின் சேர்ந்த வண்ணத்தை நிரப்பிச் சுட்டு, உலோகமும் வண்ணமும் ஒரே மட்டமாகும்படி தேய்த்து மெருகிடுகிறார்கள். பின்புறத்தில் ஒரு சிறிய ஊசி. அதன் மேல் மிக்கி எலியின் தலை வடிவத்தில் ஒரு கறுப்பு ரப்பர் மூடி.

அப்போது கடைகளில் ஒன்று ஏறக்குறைய 10 டாலரில் தொடங்கியது. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் செய்யாமல், அந்த எண்ணையும் பின்புறத்தில் பொறித்து விற்கிற வகைக்கு விலை அதிகம். ஆனால் எந்தக் கடையிலும் விற்காத ஒரு வகையும் இருந்தது. ஒரு பெரிய வட்டமும் இரண்டு சிறிய வட்டமுமாக மிக்கியின் தலையை எங்கேனும் ஒரு மூலையில் மறைத்து வரைந்த இந்தப் பின்களை, நேராகச் சிப்பந்திகளின் நாடாவுக்கே அனுப்பினார்கள். பூங்காவில் மாற்றிக்கொள்வதன்றி அதைப் பெறும் வழி வேறிருக்கவில்லை. கோடீசுவரன் வீட்டுக் குழந்தையும் அதற்காகக் கையில் ஒரு பின்னோடு வந்து, தயவுசெய்து என்று கேட்டு நிற்க வேண்டியிருந்தது. இந்த நிறுவனத்தின் வியாபாரத் திறமையை எல்லோரும் சிலாகிக்கிறார்கள். நான் சிலாகிப்பது இந்த ஓர் ஏற்பாட்டைத்தான்.

எப்காட்டில்தான், இரண்டாம் நாள் பிற்பகலில், எங்களுக்கு ஒரு தர்மசங்கடம் நேர்ந்தது. பயணம் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே, குழந்தை மாற்றிக்கொள்வதற்காக என்று என் மாப்பிள்ளை இணையத்தில் எவரோ ஒரு வியாபாரியிடம் 60 டாலருக்கு நூறு பின்கள் அடங்கிய பை ஒன்றை வாங்கியிருந்தார். கடையில் ஒன்று 10 டாலர் விற்பது ஒரு டாலருக்கும் குறைவாக எப்படிக் கிடைத்தது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. மலிவு என்ற சொல் நம் காதில் விழுந்தால் மற்றக் கேள்விகள் அடங்கிவிடுகின்றன. பெரியவர்களான சேகரிப்பாளர்கள் சிலர், மெத்தென்ற துணித்தாள்களில் பின்களை வரிசையாகக் குத்தி வைத்த தடித்த ஏடுகளோடு எப்காட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய உலகம் வேறு, அங்கே எண்ணிக்கை, ஆண்டு, சந்தை மதிப்பு எல்லாம் உண்டு, பேரமும் உண்டு, அதைப் பற்றி நான் அதிகம் சொல்வதற்கில்லை. ஆனால் அவர்களில் வெள்ளைத் தலையுடைய ஓர் அம்மையார், தம் ஏட்டை ஆவலோடு பார்த்த பேத்தியின் நாடாவைத் தாமும் பார்க்க விரும்பி, ஒரு பின்னைக் கழற்றிப் புரட்டிப் பார்த்தவர், ஒன்றும் பேசாமல் அடுத்ததையும், அதற்கடுத்ததையும் பார்த்துவிட்டு, என் மகளின் முகத்தை நிமிர்ந்து நோக்கினார்.

அவர் குழந்தையின் மனம் நோகாதபடி மிகவும் நயமாகச் சொன்னார். ஆயினும் சொல்லத்தான் செய்தார். தம்முடைய பின் ஒன்றையும் அவளுடையது ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அவருடையதில் வண்ணம் வரப்பளவுக்கு நிறைந்திருந்தது. அவளுடையதில் பாதிக் குளம்போல் வற்றி, நடுவில் ஊசிமுனை அளவுக் குமிழி உடைந்த குழி இருந்தது. விளிம்பில் விரலை ஓட்டினால் அரம் போடாத தகரம்போல் கரகரத்தது. பின்புறத்தில் சிறுசிறு மிக்கித் தலைகளாக ஓடும் கோலம், நல்லதில் விளிம்புவரை சென்று இயல்பாக அறுந்திருந்தது. இவளுடையதில் விளிம்புக்கு முன்பே ஒரு கோட்டில் தடைப்பட்டு நின்றது. எடையும் குறைவு. தொழிற்சாலைக் கழிவாகத் தள்ளப்பட்டவற்றையும், திருட்டு அச்சில் அடித்தவற்றையும் மூட்டையாக விற்கிறார்கள் என்றும், பூங்காவில் உலவுகிற பின்களில் இப்படிப்பட்டவை மிகுதியாகக் கலந்துவிட்டன என்றும், சிப்பந்திகள் ஒவ்வொன்றையும் சோதிக்க முடியாது, சோதித்துக் குழந்தையைத் திருப்பி அனுப்ப அவர்களுக்கு மனமும் வராது என்றும் அவர் விவரித்தார்.

அன்றிரவு விடுதி அறையில் பேத்தி பை முழுவதையும் கட்டிலில் கொட்டி, அந்த அம்மையார் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். ஒரு பக்கம் சிறு குவியல். மற்றொரு பக்கம் பெருங்குவியல். வெகுநேரம் கழித்து, "தாத்தா, நேத்து நான் குடுத்ததெல்லாம்?" என்றாள்.

"உனக்குத் தெரியாதேம்மா" என்றேன்.

"அவருக்கும் தெரியாது. முட்டி போட்டு உட்காந்து வாங்கிக்கிட்டாரே."

மாப்பிள்ளை, அந்தப் பின்கள் அவர் சொந்தமல்ல, நாடாவில் வருவதும் போவதுமாக இருப்பவை, ஆகையால் அவருக்கு நஷ்டமொன்றும் இல்லை என்று சமாதானம் சொல்லிப் பார்த்தார். அது வாஸ்தவம். வாஸ்தவமாக இருந்தும் அந்தச் சமாதானம் அந்த அறையில் நிற்கவில்லை. நஷ்டம் அவருக்கு இல்லையென்றால், அடுத்து அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்கிற ஏதோ ஒரு குழந்தைக்கு என்று அவளே கண்டுபிடித்துவிட்டாள். முதல் நாள் அவள் விரல் விட்டு எண்ணியபடி கொடுத்தவை ஏழு: வீதி பெருக்கியவரிடம் வாத்து ஒன்று, வேறு இரண்டு பேரிடம் ஒவ்வொன்று, ஒரு கடையில் மாட்டியிருந்த, பின்கள் குத்திய பலகையில் அவள் கையால் இரண்டும், அவள் சார்பில் என் மகள் இரண்டுமாக நான்கு.

மூன்றாம் நாள் நீர்ச்சறுக்கு விளையாட்டுக்குப் போவதாக இருந்த திட்டத்தை மாற்றி, மறுபடியும் மாஜிக் கிங்டத்துக்கே போனோம். என் மகள் கடையில் நல்ல பின்களாக நான்கு வாங்கிக் கொடுத்தாள். நானும் என் பங்குக்கு, மனத்துக்குள் 700 ரூபாய் என்று கணக்குப் போட்டபடியே, டிங்கர் பெல் என்னும் சிறகு முளைத்த தேவதையின் பின் ஒன்றை வாங்கினேன். பிரதான வீதியில் துடைப்பத்தோடு நின்றவர் வேறொருவர். அவர் நாடாவில் வாத்து இல்லை. பொரி விற்கும் வண்டியிலும் இல்லை. கடைப் பலகையிலோ, நூற்றுக்கு மேற்பட்ட பின்களுக்கு நடுவே, வற்றிய வண்ணத்தோடு எங்கள் நான்கில் மூன்று இன்னும் போகாமல் நின்றன.

பலகையில் இன்னும் பல பொய்ப் பின்கள் இருப்பதை அவளுடைய புதிய கல்வி இப்போது காட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அவற்றை என்ன செய்வது என்று கேட்டேன். "அது மத்தவங்க வெச்சது தாத்தா. என்னோடது மூணுதான்" என்றாள். பலகைக்குப் பின்னாலிருந்த பெண்மணியிடம் ஒரு மிக்கியைக் கொடுத்து, மூக்கு உடைந்த பன்றிக்குட்டியைக் கேட்டாள். பிறகு பளபளக்கும் ஒரு கோட்டைப் பின்னைக் கொடுத்து, கண்ணில் வண்ணமே இல்லாத ஒரு மீனைக் கேட்டாள். அந்தப் பெண்மணி இரண்டையும் மாறி மாறிப் பார்த்து, நிச்சயம்தானா, இதைவிட நல்லது வேறு இருக்கிறதே என்று பரிவோடு சுட்டிக் காட்டினாள். பேத்தி தலையசைத்து, நிச்சயம் என்றாள்.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு. மூன்றாவதாக நின்றது, தொப்பியின் பச்சை கழுத்து வரையில் வழிந்துவிட்ட, கூஃபி என்னும் நாயின் பின். மகளும் மாப்பிள்ளையும் வெளியே என் சின்னப் பேரனோடு குடிநீர்க் குழாயடியில் நின்றார்கள். பேத்தி என்னைப் பார்த்தாள். எழுபத்தோராவது வயதில், குழந்தைகளின் வரிசையில் ஐந்தாவதாக நின்று, முறை வந்ததும், டிங்கர் பெல்லின் ரப்பர் மூடி சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, அதை உள்ளங்கையில் வைத்து நீட்டி, எனக்கு அந்தக் கூஃபியைத் தர முடியுமா, தயவுசெய்து என்று கேட்டேன். அந்தப் பெண்மணி இந்தத் தடவை காரணம் எதுவும் விசாரிக்கவில்லை. என் பக்கத்தில் என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு நின்றவளைப் பார்த்துப் புன்னகை செய்துவிட்டு, கூஃபியைக் கழற்றிக் கொடுத்தாள்.

அந்த மூன்றும் இப்போது என் மேஜை இழுப்பறையில், மருந்துச் சீட்டுகளுக்கு அடியில், ஒரு காகிதத்தில் மடித்து இருக்கின்றன. மீதி நான்கு எங்கே போயின என்பது தெரியவில்லை. நாங்கள் பலகையை விட்டு நகர்ந்து கதவருகே வந்தபோது, எனக்குப் பின்னால் நின்றிருந்த ஒரு சிறுவன் கால்விரல் நுனியில் எழும்பி நின்று, இப்போதுதான் அந்த இடத்தில் குத்தப்பட்ட தேவதையைச் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தான்.